பேஷிங் டிரக்: பெரிய ரேடியோ கட்டுப்பாட்டு வண்டியின் செயல்திறனும் தாக்குப்பிடிக்கும் திறனும்

பேஷிங் டிரக் என்பது மேடு பள்ளங்களில் தாவவும், உயரத்திலிருந்து விழவும், உருண்டு எழவும் என்றே வடிவமைக்கப்பட்ட, ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறு வாகனம் ஆகும். பந்தய மாதிரி வண்டிகள் குறிப்பிட்ட தடத்தில் வேகமாகச் சுற்றி வருவதற்காகச் செய்யப்படுகின்றன. பேஷிங் வண்டிக்குத் தடம் கிடையாது. மண்மேடு, வறண்ட ஏரிக்கரை, காலி மனை, செங்கல் குவியல் என எது கிடைக்கிறதோ அதுவே களம். ஆகவே இவ்வகை வண்டியை மதிப்பிடும்போது வேகத்தைப் போலவே, அது எத்தனை அடி தாங்கும் என்பதும் முக்கியமாகிறது.

இவ்வண்டிகள் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதால், உறுதியான பாகங்களே அவற்றைக் காக்கின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் வளைந்து கொடுப்பது, வெப்பத்தை வெளியேற்றுவது, மலிவான பாகத்தை முதலில் உடையவிட்டு விலையுயர்ந்ததைக் காப்பது ஆகிய மூன்றுமே வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

அளவும் வகைகளும்

மாதிரி வண்டிகளின் அளவு, உண்மை வாகனத்தோடு ஒப்பிட்ட விகிதமாகக் குறிக்கப்படுகிறது. கடைகளில் அதிகம் கிடைப்பவை 1/10 அளவு வண்டிகள். 1/8 நடுத்தர அளவு. 1/6, 1/5 ஆகியவை பெரிய அளவு எனக் கருதப்படுகின்றன. பெரிய வண்டிகளில் பெட்ரோல் எஞ்சின் கொண்டவையும் மின்சாரத்தில் ஓடுபவையும் உண்டு. லோசி நிறுவனத்தின் 1/5 அளவு ‘ஃபைவ்-டி’ பெட்ரோல் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிராக்சஸ் நிறுவனம் 2015-இல் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்-மேக்ஸ்’, ஆர்மா நிறுவனத்தின் ‘கிராட்டன் 8எஸ்’ ஆகியவை மின்சார வகையில் நன்கு அறியப்பட்டவை.

எக்ஸ்-மேக்ஸ் வண்டியின் நீளம் சுமார் 78 செ.மீ., அகலம் சுமார் 54 செ.மீ. பேட்டரி இல்லாமல் எடை சுமார் 8.7 கிலோ, பேட்டரிகளைப் பொருத்தினால் 10 கிலோவை நெருங்கும். தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. இக்கட்டுரையின் கணக்குகள் 10 கிலோ எடையும் இந்த வேகமும் கொண்ட வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன.

சென்னையின் மேற்குப் புறநகரும் தொலைக்கட்டுப்பாட்டு வாகனங்களும்

ஆட்கள் ஏறாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் கரடுமுரடான வாகனம் என்பது ஆவடிக்குப் புதிதல்ல. அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய ‘முந்த்ரா’ என்ற ஆளில்லாக் கவச வாகனம் 2017-இல் வெளிக்கொணரப்பட்டது. கண்காணிப்பு, கண்ணிவெடி கண்டறிதல், அணு மற்றும் உயிரியல் ஆபத்துள்ள இடங்களில் உளவு பார்த்தல் என மூன்று பணிகளுக்கு மூன்று வகைகளாக அது அமைந்தது. ராஜஸ்தானின் மகாஜன் திடலில், கடும் வெயிலிலும் புழுதியிலும் அது சோதிக்கப்பட்டது.

அதே ஆவடியில் 1961-இல் அமைக்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, அஜேயா, அர்ஜுன், பீஷ்மா ஆகிய டாங்கிகள் உருவாகியுள்ளன. டாங்கி என்றதும் தடித்த கவசமே நினைவுக்கு வரும். ஆனால் காட்டு நிலத்தில் அதை ஓட வைப்பது கவசத்துக்குக் கீழே உள்ள தொங்கல் அமைப்பு. பீஷ்மாவில் சக்கரங்களின் அதிர்ச்சியை முறுக்கிக் கொடுக்கும் எஃகுத் தண்டுகள் வாங்கிக்கொள்கின்றன. அர்ஜுனில் வாயுவும் எண்ணெயும் சேர்ந்த அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. கவசம் வளையாமல் இருக்கலாம்; சக்கரம் வளைந்து கொடுத்தே ஆக வேண்டும். 10 கிலோ வண்டிக்கும் இதே விதிதான்.

திறன்: மின்னழுத்தம், மோட்டார், வேகம்

பெரிய மின்சார பேஷிங் டிரக்குகள் லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஓடுகின்றன. இதன் ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட். ‘8எஸ்’ என்பது எட்டு செல்கள் தொடராக இணைந்திருப்பதைக் குறிக்கும். எட்டு செல்கள் சேர்ந்தால் பெயரளவில் 29.6 வோல்ட், முழு ஏற்றத்தில் 33.6 வோல்ட் கிடைக்கும்.

இவ்வளவு செல்களை அடுக்குவதற்கு வேகம் மட்டும் காரணமல்ல. மோட்டார் ஒரு கணத்தில் 3,000 வாட் கேட்பதாகக் கொள்வோம். 29.6 வோல்ட்டில் அதற்குச் சுமார் 100 ஆம்பியர் மின்னோட்டம் போதும். 11.1 வோல்ட் பேட்டரியாக இருந்தால் 270 ஆம்பியர் தேவைப்படும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். எனவே உயர் மின்னழுத்தம் வெப்பத்தைக் குறைக்கும் வழியும் ஆகும்.

3,000 வாட் என்பது சுமார் 4 குதிரைத்திறன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டின் எஞ்சின் திறன் இதைவிடச் சற்றே அதிகம். மொபெட் இரண்டு ஆட்களையும் ஒரு மூட்டையையும் இழுக்கிறது. இங்கே அதே அளவு திறன் 10 கிலோவை மட்டும் தள்ளுகிறது. முன்சக்கரம் தூக்கி நிற்பதும், நின்ற இடத்திலிருந்தே குட்டிக்கரணம் அடிப்பதும் இதனால்தான்.

மோட்டாரின் மீது குறிக்கப்படும் ‘கே.வி.’ எண், சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் காட்டுகிறது. 1,200 கே.வி. மோட்டார் 33.6 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40,000 சுற்று சுற்றும். பற்சக்கரங்கள் இந்தச் சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையாக மாற்றிச் சக்கரத்துக்குத் தருகின்றன.

ஓட்ட நேரத்தையும் எளிதாகக் கணக்கிடலாம். 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட 8எஸ் பேட்டரித் தொகுப்பில் சுமார் 148 வாட்-மணி ஆற்றல் இருக்கும். வண்டி சராசரியாக 600 வாட் எடுத்தால் கால் மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். புல்தரையும் இளகிய மணலும் இந்த நேரத்தை மேலும் குறைக்கும்.

டயர் மீதான விசையும் வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்நிலையில் டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையைப் போல வெளிப்புறம் இழுபடும். டயர் பலூன் போல் உப்புவதும், சில சமயம் கிழிந்து பறப்பதும் இதன் விளைவே. உள்ளே நாடா பதித்த டயர்கள் இவ்வாறு உப்புவதைத் தடுக்கின்றன.

அளவு கூடினால் என்ன ஆகும்?

சிறு வண்டி மாடியிலிருந்து விழுந்தும் ஓடுகிறதே, பெரிய வண்டி ஏன் உடைகிறது என்ற கேள்விக்கு வடிவியல் விடை தருகிறது. 1/10 அளவு வண்டியை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கி 1/5 அளவில் செய்தால், நீளம் 2 மடங்கு ஆகும். சக்கரத்தைத் தாங்கும் கையின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். 8 மடங்கு எடையை 4 மடங்கு பரப்பு தாங்க வேண்டியிருப்பதால், ஒரே வேகக் குறைவில் பெரிய வண்டியின் பாகம் இரு மடங்கு தகைவுக்கு உள்ளாகிறது.

வெப்பத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். வெப்பத்தை வெளிவிடும் மேற்பரப்பு 4 மடங்கே கூடுகிறது. இழுக்க வேண்டிய எடை 8 மடங்கு கூடுகிறது. ஆகவே பெரிய வண்டியின் வடிவமைப்பாளர், சிறிய வண்டியின் வரைபடத்தை அப்படியே பெரிதாக்க முடியாது. அதிர்ச்சியை நீண்ட தூரத்தில் பரப்பவும், மோட்டாருக்குக் காற்றாடி வைக்கவும், பாகங்களின் பொருளை மாற்றவும் வேண்டியுள்ளது.

விழுந்து எழும் உடல்

3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி மணிக்குச் சுமார் 28 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது. ஷாக் எனப்படும் அதிர்வுதாங்கிகளும் டயரும் சேர்ந்து 10 செ.மீ. அமுங்கி அந்த வேகத்தை வாங்கினால், வண்டி மீது சராசரியாகச் சுமார் 3,000 நியூட்டன் விசை செயல்படும். இது ஏறத்தாழ 310 கிலோ எடைக்குச் சமம். அதே வண்டி அமுங்க 1 செ.மீ. மட்டுமே இடம் இருந்தால் விசை 3 டன் எடைக்குச் சமமாகிவிடும். உயரம் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. நிற்பதற்கான தூரம் குறைந்ததால் மட்டுமே அடி பத்து மடங்கானது.

இதனாலேயே சக்கரக் கைகள் பெரும்பாலும் நைலான் கலவையில் செய்யப்படுகின்றன. நைலான் அடிபட்டால் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ‘மேம்படுத்தல்’ என்ற பெயரில் பலர் அலுமினியக் கைகளை மாட்டுகின்றனர். அலுமினியம் ஓர் எல்லைக்குமேல் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். வளையாத அளவுக்குத் தடிமனாக இருந்தால், தான் வாங்காத அடியை அடுத்த பாகத்துக்கு அனுப்பிவிடும். கை தப்பிக்கும், அது பொருத்தப்பட்ட கியர்ப்பெட்டி பிளக்கும்.

நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நைலான் சற்று மென்மையாகி எளிதில் உடையாது; முற்றிலும் உலர்ந்தது நொறுங்கும். புதிய நைலான் பாகத்தைச் சிலர் வெந்நீரில் போட்டு எடுப்பது இதற்காகவே. சென்னையின் ஈரக் காற்று இந்த வகையில் வண்டிக்கு நண்பன். கடும் வெயில் எதிரி: நைலானும் டயர் ரப்பரும் புற ஊதாக் கதிரில் நாளடைவில் நைந்துபோகும். வண்டியை மொட்டை மாடியில் போட்டு வைக்கக் கூடாது.

ஆற்றல் செல்லும் பாதையும் பலி பாகங்களும்

மோட்டாரிலிருந்து சக்கரம் வரை பினியன், பெரிய பற்சக்கரம், நடுத்தண்டு, டிஃபரன்ஷியல், அச்சுத்தண்டு என்ற வரிசையில் விசை செல்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் அதுவே உடையும். நல்ல வடிவமைப்பில் அந்தப் பலவீனம் திட்டமிட்டே வைக்கப்படுகிறது. எக்ஸ்-மேக்ஸில் பெரிய பற்சக்கரத்துக்குள் ரப்பர் போன்ற மென்பொருள் பொதிந்த ‘குஷ் டிரைவ்’ உள்ளது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ரப்பர்த் துண்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. திடீர் இழுப்பை அது மென்மையாக்குவதால் பற்கள் தப்பிக்கின்றன. திருப்பும் சக்கரங்களுக்கு வரும் அடி சர்வோ மோட்டாரின் சிறு பற்களுக்குப் போகாமல், இடையில் உள்ள சுருள்வில் வாங்கிக்கொள்கிறது.

அச்சுத்தண்டு உடையும் பெரும்பாலான நிகழ்வுகளுக்கு ஓட்டும் முறையே காரணம். வண்டி காற்றில் இருக்கும்போது விசையை முடுக்கினால், சக்கரங்கள் பின்னோக்கித் தரும் எதிர்வினையால் மூக்கு மேலெழும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரை தொடும்படி இவ்வாறு சரிசெய்வது பேஷிங் ஓட்டுநரின் முதல் திறமை. ஆனால் முடுக்கியபடியே தரையிறங்கினால், தரையின் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலும் கனமான டயர் ஒரு நொடிக்குள் தடுக்கப்படுகிறது. அந்த முறுக்கு முழுவதும் அச்சுத்தண்டில் இறங்கும். தரையைத் தொடும் முன் விசையை விடுவது, விலையுயர்ந்த உலோகப் பாகம் வாங்குவதைவிட நல்ல பாதுகாப்பு.

வெப்பம்: சென்னையின் பெரும் சோதனை

உடைந்த கையை மாற்றலாம். எரிந்த மோட்டாரையும் உப்பிய பேட்டரியையும் சரிசெய்ய முடியாது. மோட்டாரின் நியோடிமியம் காந்தங்கள் அவற்றின் தரத்துக்கு ஏற்ற வெப்ப எல்லையைத் தாண்டினால் காந்த வலிமையை நிரந்தரமாக இழக்கும். சாதாரணத் தரத்துக்கு அந்த எல்லை சுமார் 80 டிகிரி செல்சியஸ். லித்தியம் பாலிமர் பேட்டரி 60 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஒரு பொருள் வெப்பத்தை வெளியேற்றும் வேகம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. மார்கழி மாலையில் காற்று 25 டிகிரி எனில், 80 டிகிரி மோட்டாருக்கு வேறுபாடு 55 டிகிரி. மே மாதப் பகலில் காற்று 40 டிகிரி எனில் வேறுபாடு 40 டிகிரி மட்டுமே. குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது. டெக்சஸிலோ ஐரோப்பாவிலோ எடுக்கப்பட்ட காணொளியில் தொடர்ந்து ஓடும் வண்டி, பூந்தமல்லியின் கோடையில் பாதியிலேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

இதற்கான தீர்வுகள் எளியவை. காலை அல்லது மாலையில் ஓட்டலாம். சிறிய பினியன் மாட்டினால் உச்ச வேகம் சற்றுக் குறையும். மின்னோட்டமும் வெப்பமும் கூடவே குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரை அளக்கலாம். ஒரு பேட்டரி தீர்ந்ததும் உடனே அடுத்ததை மாட்டாமல் மோட்டாரை ஆறவிடலாம். நீண்ட புல்லில் ஓட்டுவது மோட்டாரை மிக விரைவில் சூடாக்கும் என்பதால் கோடையில் அதைத் தவிர்க்கலாம்.

தூசியும் நீரும்

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த பகுதி இது. கோடையில் வற்றும் ஏரிப் பகுதிகளின் நுண்ணிய மண், பந்தயத் தடத்தின் மண்ணைவிட எளிதில் உள்ளே நுழையும். பேரிங்குகள், ஷாக்கின் ரப்பர் வளையம், மோட்டாரின் காற்றாடி ஆகியவை இதனால் முதலில் தேய்கின்றன. வெளியே தெரியும் பற்சக்கரத்தில் கிரீஸ் தடவுவது தவறு. தூசி அதில் ஒட்டி உப்புத்தாள் போல் பற்களைத் தேய்த்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். பெரிய டிரக்குகள் பலவற்றின் மின்னணுப் பகுதிகள் நீர் புகாதவை என விற்கப்படுகின்றன. ஆனால் பேரிங்குகளும் திருகுகளும் அப்படியல்ல. சேற்றில் ஓட்டிய வண்டியைத் துடைத்து, டயருக்குள் புகுந்த நீரை வடித்து, பேரிங்குகளை உலர்த்தி எண்ணெயிடாவிட்டால் ஒரே வாரத்தில் துருப் பிடிக்கும். கடற்கரை மணலின் உப்பு இங்கு இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

பழுதும் உதிரிப் பாகமும்

அமெரிக்காவில் 1,000 டாலர் அளவில் விற்கும் வண்டி, இறக்குமதி வரியும் சேர்ந்தால் இங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். உதிரிப் பாகங்களும் இறக்குமதியே. சிறு கை ஒன்று வந்து சேர்வதற்குள் வாரங்கள் கழியலாம். எனவே இங்கு ஒரு வண்டியின் தாக்குப்பிடிக்கும் திறன் என்பது, உடையாமல் இருப்பதோடு உடைந்ததை எவ்வளவு எளிதாக மாற்ற முடியும் என்பதையும் சேர்த்தே அளவிடப்பட வேண்டும்.

மேற்குப் புறநகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா போன்ற வாகனப் பாகத் தொழிற்சாலைகள் அமைந்த பாடியும் அருகருகே உள்ளன. இவற்றைச் சார்ந்து வளர்ந்த லேத் பட்டறைகளில் அச்சு ஊசி, சக்கர அடாப்டர் போன்ற எளிய உலோகப் பாகங்களை மாதிரி காட்டிச் செய்துகொள்ள முடியும். பேரிங்குகள் பொதுவான மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் சொல்லி உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாம். வெப்பத்தால் கெட்டிப்படுத்த வேண்டிய பற்சக்கரங்களும் அச்சுத்தண்டுகளும் இவ்வாறு செய்வதற்கு உகந்தவை அல்ல. வெறும் மென் எஃகில் கடைந்த பற்கள் சீக்கிரம் உருண்டுவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டியவை:

- சக்கர நட்டுகளும் மோட்டார் திருகுகளும் தளர்ந்துள்ளனவா?
- பினியனுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டு அளவு இடைவெளி உள்ளதா?
- சக்கரங்கள் கையால் சுற்றும்போது கரகரப்பின்றிச் சுழல்கின்றனவா?
- ஷாக்கில் எண்ணெய்க் கசிவு உள்ளதா?
- பேட்டரி உப்பியுள்ளதா, செல்களின் மின்னழுத்தம் சமமாக உள்ளதா?

பாதுகாப்பு

10 கிலோ வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,470 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டை 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு இது சமம். ஒரு குழந்தையின் காலிலோ, ஓடும் இரு சக்கர வாகனத்திலோ மோதினால் விளைவு விளையாட்டாக இருக்காது. தெருவிலும், ஆட்கள் நடமாடும் பூங்காவிலும், ஆடுமாடு மேயும் இடத்திலும் இவ்வண்டியை ஓட்டக் கூடாது. ஆவடியில் பெரும் பரப்பு பாதுகாப்புத் துறைக்கு உரியது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரம். இவ்விடங்கள் காலியாகத் தெரிந்தாலும் நுழையத்தக்கவை அல்ல. உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலமே பொருத்தமானது.

தொடர்பு அறுந்தால் வண்டி தானாக நிற்கும்படி ஏற்பிப் பெட்டியில் அமைத்திருக்க வேண்டும். கருவியின் விசையைச் சற்று முடுக்கியபடியே கருவியை அணைத்துப் பார்த்து, இந்த அமைப்பு இயங்குகிறதா என ஒவ்வொரு முறையும் சக்கரங்களைத் தூக்கி வைத்துச் சோதிப்பது நல்லது.

லித்தியம் பேட்டரியின் தீ மிக வேகமாகப் பரவும். குத்துப்பட்ட, உப்பிய பேட்டரியை ஏற்றக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுச் செல்வதும், ஓட்டி முடித்த சூட்டோடு ஏற்றுவதும், ஏற்றிவிட்டு உறங்கச் செல்வதும் ஆபத்தானவை. நீண்ட நாள் வைத்திருக்க ஒரு செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட் அளவில் வைத்து, எரியாத பெட்டியில் பாதுகாக்க வேண்டும்.

மதிப்பீடு

ஒரு பெரிய பேஷிங் டிரக்கை வாங்கவோ ஒப்பிடவோ விரும்புவோர் உச்ச வேகத்தை முதலில் பார்க்கின்றனர். அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: சக்கரங்கள் எவ்வளவு தூரம் அமுங்குகின்றன, மோட்டாருக்குக் காற்று எப்படிப் போகிறது, எந்தப் பாகம் முதலில் உடையும்படி அமைக்கப்பட்டுள்ளது, அந்தப் பாகம் எத்தனை நாளில் கையில் கிடைக்கும். இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை உள்ள வண்டி, வேகத்தில் சற்றுப் பின்தங்கினாலும், ஆவடி வெயிலிலும் அம்பத்தூர்ப் புழுதியிலும் பல ஆண்டுகள் ஓடும்.